காப்பு கட்டிய நாட்கள்: வேலூர்ப் பக்கம் நல்ல நேரம், புண்ணிய காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பிறந்தது செய்யாறு பக்கத்துக் கிராமம். 1989 வரை செய்யாறு, ஆரணி, திருவண்ணாமலை எல்லாமே வட ஆற்காடு மாவட்டம்தான். பிறகு பிரிந்தது, 2019-ல் வேலூரே மூன்றாயிற்று. ஆனால் எங்கள் திருவிழாக்களுக்கு அந்தக் கோடுகள் இன்னும் தெரியாது. வார்டிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் நேரம் காலம் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

புண்ணிய காலம் என்றால் நல்ல நேரம்தானே?

இரண்டும் ஒரே காலண்டர் தாளில் அச்சாவதால் அப்படித் தோன்றும். நல்ல நேரம் நாம் செய்யப்போகிற காரியத்துக்காகப் பார்ப்பது. பெண் பார்க்க, கடை திறக்க, புது வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர. புண்ணிய காலம் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. அது வந்துவிட்டால் கையிலிருக்கிற காரியத்தைக் கீழே வைத்துவிட்டு நாம்தான் அதற்குள் போகவேண்டும்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரே சொல்: காப்பு. மஞ்சள் தடவிய நூலில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்து மணிக்கட்டில் கட்டுவார்கள். “காப்பு கட்டியாச்சு” என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் விளக்க மாட்டார்கள். அந்த ஆள் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார், கவிச்சி தொட மாட்டார், கோயில் திண்ணையிலோ வாசலிலோ படுப்பார். இந்தச் சொல்லை வைத்துத்தான் மற்றக் கேள்விகளுக்கும் பதில் சொல்லப்போகிறேன்.

ராகு காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எல்லா ஊருக்கும் ஒன்றா?

சூரியன் உதிப்பதிலிருந்து அடைவது வரை உள்ள பகலை எட்டாகப் பிரிப்பார்கள். அதில் ஒரு பங்கு ராகு காலம், கிழமைக்குக் கிழமை மாறும். “திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா” என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30 என்று அந்த வரிசையில் ஒன்றரை மணி நேரம் வரும்.

ஆனால் இந்தக் கணக்கு காலை ஆறுக்கு உதித்து மாலை ஆறுக்கு அடையும் சூரியனுக்குத்தான் பொருந்தும். வேலூரில் ஜூன் தொடக்கத்தில் 5.45-ஐ ஒட்டி உதிக்கிறது, ஜனவரி கடைசியில் 6.40 ஆகிவிடுகிறது. காலண்டரில் அச்சடித்திருப்பது எளிமைக்காக வைத்துக்கொண்ட சராசரி.

இதை நான் ஏன் இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்துவைத்திருக்கிறேன் என்றால், ஓர் ஆனி மாதச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு என் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆட்டோ வாசலில் நின்றது. வீட்டிலிருந்த பெரியவர் ஒருவர், “ராகு காலம் போய்ட்டும், நாலரைக்குக் கிளம்பலாம்” என்றார். கெட்ட எண்ணம் இல்லை, அண்ணன் தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். வெந்நீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்போது நர்சிங் முதல் வருஷம், விடுதியில் இருந்தேன். அப்பா பிழைத்தார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போனது போனதுதான். அதற்குப் பிறகு அவர் ஏர் பிடிக்கவில்லை.

பல வருஷம் கழித்து உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனி மாதத்துப் பகல் கிட்டத்தட்ட 12 மணி 50 நிமிடம். அதை எட்டாகப் பிரித்தால், எங்கள் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை ராகு காலம் ஏறக்குறைய 3.25-க்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். அதாவது அவருக்கு வலி வந்தபோது ராகு காலம் தொடங்கவேயில்லை. அவர்கள் காத்திருந்து, நல்ல நேரம் என்று நினைத்துக் கிளம்பியதுதான் ராகு காலத்தில்.

அப்படியானால் சிசேரியனுக்கு நேரம் குறித்துக்கொண்டு வரலாமா?

தாயும் குழந்தையும் நன்றாக இருந்து, டாக்டரே நாள் குறிக்கிற ஆபரேஷன் என்றால், அவர் சொல்லும் வரம்புக்குள் காலை பத்தா பதினொன்றா என்று கேளுங்கள், தப்பில்லை. வலி எடுத்துவிட்டாலோ, குழந்தையின் துடிப்பு குறைந்தாலோ, ரத்தம் போனாலோ பஞ்சாங்கத்தை மூடிவையுங்கள். நெஞ்சுவலி, பக்கவாதம், பாம்புக்கடி மூன்றுக்கும் இதே பதில். 108-ஐ உடனே கூப்பிடுங்கள்.

விரிஞ்சிபுரம் கோயிலில் நேரம் காட்டும் கல் இருக்கிறதாமே?

இருக்கிறது. வேலூரிலிருந்து பள்ளிகொண்டா போகிற வழியில், பாலாற்றங்கரையில் மார்க்கபந்தீஸ்வரர் கோயில். “விரிஞ்சை மதிலழகு” என்று சொல்வார்களே, அந்த மதிலுக்கு உள்ளே தென்புறத்தில் இந்தக் கல் நிற்கிறது. அரைவட்டமாகக் கோடு வெட்டி எண்கள் பொறித்திருக்கிறார்கள். மேலே ஒரு பள்ளம். அதில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. நான் போனபோது தரையில் கிடந்த ஒரு துடைப்பக் குச்சியை எடுத்து வைத்தேன். நிழல் கோட்டில் நடுங்கி, என் கை நின்றதும் அதுவும் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

அதற்குக் கல்லைக் குறைசொல்ல முடியாது. நம் கடிகாரம் காட்டுவது, இந்தியா முழுமைக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட 82½ பாகை தீர்க்கரேகையின் நேரம். விரிஞ்சிபுரம் ஏறக்குறைய 79 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம், ஆக 14 நிமிட வித்தியாசம். சூரியனும் வருஷம் முழுக்க ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் பிப்ரவரி நடுவில் இங்கே உச்சிப்பொழுது 12.28-க்கு வரும். நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிடும்.

எனக்கு அந்தக் கல்லின் முன்னால் மனசு நிறைந்துபோயிற்று. அந்த ஊர் உச்சிக்கால பூசைக்கு மணி அடித்தது அந்த ஊரின் உச்சிக்கு. வேறு எங்கோ இருக்கிற ஒரு கோட்டின் உச்சிக்கு அடிக்கவில்லை. அறுபது நாழிகை ஒரு நாள், நாழிகைக்கு 24 நிமிடம், இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம், ஏழரை நாழிகை ஒரு சாமம். இதெல்லாம் சூரியனை நின்று பார்த்தவர்கள் கணக்கு.

அதே கோயிலில் கார்த்திகை கடைசி ஞாயிறு நடக்கிறது. குழந்தை வரம் வேண்டிய பெண்கள் நள்ளிரவில் சிம்ம தீர்த்தத்தில் முழுகி, ஈரப்புடவையோடு கோயிலுக்குள் வந்து படுப்பார்கள். பழமோ பூவோ கனவில் வந்தால் பலிக்கும் என்பது நம்பிக்கை. என்னோடு வேலை பார்த்த ஒருத்தி நான்கு வருஷம் சிகிச்சை எடுத்துக்கொண்டே அங்கேயும் போய்ப் படுத்தாள். கனவு வந்ததா என்று நான் கேட்டதில்லை. “பக்கத்துல படுத்திருந்தவங்க ஈரக் கை என் கை மேல பட்டுச்சுக்கா, எடுக்காமலே தூங்கிட்டோம்” என்று மட்டும் சொன்னாள்.

பாரதக் கூத்து பார்த்திருக்கிறீர்களா? அது கலையா, வழிபாடா?

எங்கள் ஊருக்கு வந்து யாரிடமாவது இப்படிக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏற்றிக் காப்புக் கட்டிய பிறகு, மதியத்தில் பாரதப் பிரசங்கம், இரவு பத்து மணிக்குமேல் விடியும் வரை கூத்து. பெரும்பாலும் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தை ஒட்டித்தான் கதை போகும். கல்யாணம், சூது துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கூத்து. செய்யாறு பக்கத்துப் புரிசை கூத்துக்குப் பேர்போன ஊர்.

துகிலுரிதல் இரவில் ஒன்றைக் கவனியுங்கள். துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் சூடம் ஏற்றி, திரௌபதி வேஷம் கட்டியவரைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். இரண்டு பேரும் ஆண்கள், காலையில் ஒரே டீக்கடையில் உட்கார்ந்தவர்கள். அந்த நேரத்தில் கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழாது. எங்கள் ஆயா (பாட்டி) கண்ணை மூடிக்கொண்டு, “அம்மா, தாயே” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வருஷா வருஷம் பார்த்த கதை. கண்ணன் சேலை தருவான் என்று தெரியும். ஆனாலும் அந்த ராத்திரி ஆயாவுக்கு அது இன்னும் நடந்து முடியாத ஒன்று.

அர்ச்சுனன் தபசுக்கு நெடுமரம் நட்டிருப்பார்கள். வேஷக்காரர் படிப்படியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். கீழே பெண்கள் மடியேந்தி நிற்பார்கள்.

பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம். கோயில் திடலில் களிமண்ணால் துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். வீட்டைவிட நீளமான உடம்பு, பெரிய மீசை, விழித்த கண். பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கடைசியில் தொடையில் அடி விழும். உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் பொங்கும். திரௌபதி அதை எடுத்துக் கூந்தலில் தடவி முடிந்துகொள்வாள். காந்தாரி வந்து ஒப்பாரி வைப்பாள். சாவு வீட்டில் கேட்கிற அதே ராகம். அப்புறம் சனம் ஓடிப்போய் அந்த உடம்பிலிருந்து ஒரு பிடி மண் எடுக்கும். நெல் குதிரில் போட்டுவைப்போம், இப்போது அரிசி டிரம்மில் போடுகிறோம். சாயங்காலம் தீமிதி.

எனக்கு வார்டில் மரணம் பழக்கம். ஆனால் படுகளத்தில் ஒவ்வொரு தடவையும் நான் அழுதுவிடுகிறேன். அன்று காலை எங்கள் திடல் குருக்ஷேத்திரம். “அந்த மாதிரி” என்று ஒரு சொல்லைக்கூட நடுவில் போட எனக்கு மனம் வரவில்லை. கலை என்பவர்கள் கலை என்று எழுதட்டும். காப்புக் கட்டியவர் தன் வேலையை விட்டு, பெண்டாட்டி படுக்கையை விட்டு, பதினெட்டு நாள் ஊருக்குள்ளேயே கட்டுப்பட்டுக் கிடப்பதால்தான் அந்தக் காலை உண்டாகிறது.

திருவிழாவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டால் என்ன?

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. கிழமை எதுவானாலும் அன்றுதான் அம்மனின் சிரசு ஊர்வலமாக வந்து உடலில் பொருந்தும். அதை நகர்த்தச் சொன்னால் குடியாத்தத்தில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். ஆடிக் கூழ் ஊற்றுவது வேறு. தெருக்காரர்கள் கூடி நாள் வைப்பது. ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு ஞாயிறுதான் லீவு என்றால் ஞாயிறன்றே ஊற்றுங்கள். கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் எல்லார் வயிற்றுக்கும் போனால் மாரியம்மனுக்குச் சந்தோஷம்தான்.

ஆடியும் மார்கழியும் ஆகாத மாதங்களா?

இல்லை. அம்மனுக்கும் பெருமாளுக்கும் என்று ஒதுக்கிவைத்த மாதங்கள், அதனால்தான் வீட்டு விசேஷம் வைப்பதில்லை. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி வெள்ளியில் வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் ஆகாத மாதம் என்று சொல்ல மாட்டார்கள்.

முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்களின் புண்ணிய காலம் வேறு கணக்கா?

கணக்கு வேறு, பார்ப்பது அதே நிலா. இஸ்லாமிய வருஷம் 354 நாள், அதனால் ரம்ஜான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, ஏறக்குறைய 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவருகிறது. ஒரு மனிதருக்கு அறுபது வயது ஆவதற்குள் கத்திரி வெயிலிலும் நோன்பு, மார்கழிக் குளிரிலும் நோன்பு. வேலூர் வெயிலை அறிந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர்கூட இல்லாமல் மஃரிப் என்கிற அந்தித் தொழுகை நேரம் வரை இருப்பது எப்படிப்பட்ட காப்பு என்று.

ரம்ஜானில் எனக்கு நைட் டியூட்டி விழுந்தால், நோன்புக்கு முன் விடியலுக்குள் சாப்பிடுகிற சஹர் நேரம் தானாகத் தெரிந்துவிடும். நான்கு மணிக்கு வராந்தாவில் டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம். ஆம்பூர், மேல்விஷாரத்திலிருந்து வந்தவர்கள் மட்டுமில்லை, வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்து நோயாளிக்குத் துணையிருப்பவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். பாஷை தெரியாது. தட்டு மட்டும் கை மாறும். ஒரு வருஷம் ஒரு ஆம்பூர் அம்மா, சாயங்காலம் பள்ளிவாசலில் வாங்கிய நோன்புக் கஞ்சியை ஒரு தூக்கில் எடுத்துவந்து எங்களுக்கும் வைத்திருந்தார். “நீங்களும் ராத்திரியெல்லாம் முழிச்சிகினுதானேமா கீறீங்க” என்றார்.

ஈஸ்டரும் நிலாக் கணக்குதான். மார்ச் 21-க்கோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதனால் புனித வெள்ளி பல வருஷங்களில் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வருகிறது. அன்று பகல் 12 முதல் 3 வரை மும்மணி ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானித்து முடியும் வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிற என் ஹெட் சிஸ்டரைப் பார்த்திருக்கிறேன். டியூட்டியில் ஒரு நிமிடம் உட்காராதவர்.

பூசையே நின்றுபோன கோயிலில் புண்ணிய காலம் இருக்குமா?

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்கள், ஆனால் பல நூற்றாண்டாக மூலஸ்தானத்தில் லிங்கம் இல்லாமலே இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் ஆயுதம் வைத்தார்கள். பிறகு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வெறும் கட்டடமாக நின்றது. 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றிலிருந்து பிரதோஷம் நடக்கிறது. இடையில் போன நூற்றாண்டுகளிலும், பிரதோஷத்துக்குரிய திரயோதசித் திதி மாதம் இரண்டு முறை வந்துகொண்டுதானே இருந்தது? நாள் வந்தது, நிற்க ஆள் இல்லை. நந்திக்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்கும்போது எனக்கு இந்த நினைப்பு வரும்.

கார்த்திகை தீபத்தை டிவியில் பார்த்துவிட்டு வீட்டு விளக்கு ஏற்றலாமா?

தாராளமாக. திருவண்ணாமலை மலை 2,668 அடி. மலை தெரிகிற ஊர்களில், மாலை ஆறு மணிக்கு உச்சியில் சுடர் கண்ட பிறகே வாசலில் அகல் ஏற்றுவார்கள். வேலூருக்குத் தெரியாது. திரையில் தெரிந்த கணத்தில் தெரு முழுக்க “அரோகரா” என்கிறதே, அதுவும் ஒரே கணம்தான்.

ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள் என்ன செய்வது?

என்னை அதிகம் கேட்ட கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், குற்ற உணர்ச்சியோடு கேட்பார்கள். ஆறு மணிக்கு விளக்கு வைக்க முடியவில்லை, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்க முடியவில்லை என்று.

நான் செய்வதைச் சொல்கிறேன். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வர காலை எட்டரை ஆகும். குளித்துவிட்டுத்தான் விளக்கு. அந்தக் கால் மணி நேரத்தில் போனை எடுக்க மாட்டேன், யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன். முதலில் என் மாமியார், “இது இன்னா நேரம்மா விளக்கு வைக்க” என்று முணுமுணுப்பார்கள். இப்போது நான் வருவதற்குள் திரி போட்டு, எண்ணெய் ஊற்றிவைத்துவிட்டு, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள், அதற்குக் காப்புக் கட்டுங்கள், கட்டினால் அவிழ்க்காதீர்கள். அரை மணி வேண்டாம், ஒரு நாழிகைகூட வேண்டாம். அவிழ்க்காமல் இருக்க முடிகிற அளவு போதும்.

படுகளம் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரலாமா?

வாருங்கள். சித்திரை முதல் ஆனி வரை செய்யாறு, ஆரணி, வந்தவாசி பக்கம் ஏதாவதொரு ஊரில் நடந்துகொண்டிருக்கும். சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், அதில் எந்த இரவு எந்தக் கூத்து என்று வரிசையாகப் போட்டிருக்கும். காலையில் மட்டும் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போகாமல், முதல் நாள் இரவே வந்து பதினெட்டாம் போரை முழுதாகப் பாருங்கள். உட்கார ஒரு பழைய போர்வை, விடியற்காலைக்கு ஒரு துண்டு, மறுநாள் வெயிலுக்குக் குடை. மண் உடம்புக்குப் பக்கத்தில் செருப்போடு போகவேண்டாம். வீடியோ எடுப்பதானால் ஊர் நாட்டாமையையோ கூத்து வாத்தியாரையோ கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிடி மண் உங்களுக்கும் கொடுப்பார்கள். கைக்குட்டையில் முடிந்துகொள்ளுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.